சாமானைக் குறைப்போம், தூசியைத் துடைப்போம்



ஆடி மாசம் வந்துவிட்டால் நம்ம பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல்தான். "இப்பத்தான் துடைச்சேன், அதுக்குள்ள பாரு, விரலால பேரு எழுதலாம் போல இருக்கு!" ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததை நம்மில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் தெருப் புழுதி மொத்தமும் நம் வீட்டுக்குள் வந்து உட்காருவதைத் தினமும் பார்க்கிறோம்.

சமீபத்தில் ஒரு கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் பேச்செல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது இந்தப் பேச்சு வந்தது. ஒரு அக்கா சொன்னார்: "எனக்குச் சமைக்கிறதுகூடச் சிரமமில்லம்மா. இந்தத் தூசி தட்டுறதுதான் இடுப்பை ஒடிக்குது. செஞ்சாலும் செஞ்ச மாதிரியே தெரியல." உட்கார்ந்திருந்த எல்லாரும் தலையாட்டினோம். அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் இந்தக் கட்டுரை. புதுசாக எந்த மிஷினும் வாங்கச் சொல்லப் போவதில்லை. காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. அதை எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

தூசி எங்கிருந்து வருது?

கதவைச் சாத்தி வைத்தாலும் தூசி வருகிறதே, எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? வீட்டுத் தூசியில் ஒரு பங்குதான் வெளியிலிருந்து வருவது. அது ஜன்னல் வழியாகவும், நம் கால், செருப்பு வழியாகவும் உள்ளே வருகிற மண். மீதி எல்லாம் வீட்டுக்குள்ளேயே உண்டாவது. துணியிலிருந்தும் தலையணையிலிருந்தும் உதிரும் நூல், பஞ்சு, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், முடி, அடுப்புப் புகை, ஊதுபத்திச் சாம்பல், கரப்பான், பல்லி எச்சம், ஓட்டு வீடாக இருந்தால் மேலேயிருந்து கொட்டும் துகள். இவ்வளவும் சேர்ந்ததுதான் நாம் துடைக்கும் தூசி.

ஆக, வீட்டில் ஆள் இருக்கும்வரை தூசி இருக்கும். இதை முதலில் மனசில் ஏற்றுக்கொள்ள வேண்டும். "என் வீட்டுல மட்டும் ஏன் இவ்வளவு தூசி? நான்தான் சரியா செய்யலையோ?" என்று யாரும் நினைக்க வேண்டாம். தூசி வருவதை அடியோடு நிறுத்த முடியாது. ஆனால் அதைத் துடைக்கும் வேலையைப் பாதிக்கும் கீழே குறைக்க முடியும்.

எங்க வீட்டு டிவி மேசைக் கணக்கு

நாம் குழுவில் கணக்கு எழுதிப் பழகினவர்கள். இதையும் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டிவி மேசையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். டிவி ரிமோட், கெட்டுப்போன பழைய ரிமோட், பிளாஸ்டிக் பூச்சாடி இரண்டு, மகள் போட்டியில் வாங்கின கப்பு மூன்று, தாஜ்மகால் பொம்மை, கல்யாணப் போட்டோ, பவுடர் டப்பா, சீப்பு, சேப்டி பின் டப்பா, கரண்ட் பில், மாத்திரை அட்டைகள், சாவிக்கொத்து, செல்போன் சார்ஜர், தீர்ந்துபோன பேட்டரி, ஒற்றைக் கம்மல், திருவிழாவில் வாங்கின பொம்மைகள்... மொத்தம் 34 சாமான்.

இப்போது அந்த மேசையைத் துடைக்க என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு சாமானுக்கும் நாலு வேலை. எடுக்கணும், அதைத் துடைக்கணும், அதுக்கு அடியில துடைக்கணும், திரும்ப வைக்கணும். 34 சாமானுக்கு நாலு நாலாகப் போட்டால் 136 தடவை கை போய் வருகிறது. ஒரே ஒரு மேசைக்கு! கடிகாரம் பார்த்தேன், 14 நிமிஷம் ஆனது.

அதே மேசையில் நாலு சாமானை மட்டும் வைத்துவிட்டு மறுபடி துடைத்தேன். கை 16 தடவை போய் வந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மேசை அதேதான். தூசியும் அதேதான். துணியும் அதேதான். குறைந்தது சாமான் மட்டுமே. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக நான் தூசியோடு சண்டை போட்டதாக நினைத்தேன். உண்மையில் என் நேரத்தையும் இடுப்பையும் தின்றது மேலே பரப்பி வைத்த சாமான்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்போது நான் தினமும் துடைத்தேனா? இல்லை. வீடு முழுக்கத் துடைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததால், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டு, மாசத்துக்கு இரண்டு தடவைதான் செய்வேன். விருந்தாளி வருகிறார்கள் என்றால் அவசரமாக ஒரு தடவை. இப்போது 15 நிமிஷத்தில் முடிகிறது என்பதால் வாரம் இரண்டு தடவை செய்கிறேன்.

கணக்கைப் பாருங்கள்:

முன்பு: ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் 2 தடவை, ஆக 3 மணி நேரம்.
இப்போது: ஒரு தடவைக்கு 15 நிமிஷம், மாதம் 8 தடவை, ஆக 2 மணி நேரம்.

மாதம் ஒரு மணி நேரம் மிச்சம். "இவ்வளவுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். முன்பு தூசி 15 நாள் வீட்டில் குடியிருந்தது. இப்போது மூன்று நான்கு நாளுக்கு மேல் தங்குவதில்லை. நேரமும் குறைந்தது, வீடும் சுத்தம். வட்டி இல்லாமல் லாபம் வந்த மாதிரிதான்.

தூசியும் நெஞ்சும்

நான் இந்த வேலையில் இறங்கினதற்குக் காரணம் அழகு இல்லை. என் சின்ன மகளுக்கு ஆறு வயசிலிருந்து இளைப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சு விசில் அடிக்கும். அவளை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த ராத்திரிகள் நிறைய. டாக்டரிடம் காட்டினபோது அவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "வீட்டுல பிள்ளை படுக்கிற இடத்துல என்னென்ன வச்சிருக்கீங்க?"

நான் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகப் போச்சு. அவள் படுக்கிற இடத்துக்கு மேலே கொடியில் துணி. தலைமாட்டில் பழைய புத்தகக் கட்டு. பக்கத்தில் பஞ்சுப் பொம்மைகள். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி, பழைய துணி மூட்டை. ஒன்றையும் நான் வாரக்கணக்கில் அசைத்ததில்லை.

தூசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் இருக்கிறது. தூசி உண்ணி என்பார்கள். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று, ஈரப்பதம் உள்ள தலையணை, மெத்தை, பழந்துணி, பஞ்சுப் பொம்மையில் வாழும். அதன் எச்சம் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போனால், ஒவ்வாமை இருக்கிறவர்களுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, இளைப்பு வரும். கரப்பான் எச்சமும் அப்படித்தான். கரப்பானுக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அசைக்காத அட்டைப்பெட்டியும் காகிதக் கட்டும்தான்.

அதனால் இளைப்பு உள்ள பிள்ளை படுக்கிற இடத்தைத்தான் முதலில் காலி செய்ய வேண்டும். போர்வை, தலையணை உறையை வாரம் ஒரு தடவை கை பொறுக்காத சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். 60 டிகிரி சூட்டில் உண்ணி செத்துப்போகும். தண்ணீரை வாளியில் ஊற்றும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்க வையுங்கள். தலையணை, மெத்தையை நல்ல வெயிலில் போட்டு, வெளியிலேயே தட்டி எடுத்து வாருங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தூசியைத் துடைத்தால் போதும், மருந்து வேண்டாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. இளைப்புக்கு டாக்டர் கொடுக்கிற மருந்தை, இன்ஹேலர் கொடுத்தால் அதை, அவர் சொன்னபடி விடாமல் கொடுக்க வேண்டும். "உறிஞ்சுற மருந்து பழக்கமாயிடும்" என்று பயந்து நடுவில் நிறுத்தாதீர்கள். எங்கள் மகளுக்கு இப்போது ராத்திரி எழுந்து உட்காருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. மருந்தும் ஒழுங்காகக் கொடுத்தோம், தூசியும் குறைந்தது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் விட மாட்டேன்.

சாமான் எப்படிச் சேருது?

யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. தட்டையாக ஒரு இடம் இருந்தால் அது சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

2006-ல் இலவசக் கலர் டிவித் திட்டம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த டிவிக்கு மேலே நல்ல அகலமாக இடம் இருந்தது. பூச்சாடி, பொம்மை, பில் எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தன. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். நமக்கு நிஜமாகவே உதவின சாமான்கள். ஆனால் வந்த அட்டைப்பெட்டிகளையும் பரணில் பத்திரப்படுத்தினோம். மின்விசிறி ஓடி ஓய்ந்து போனாலும் பெட்டி மட்டும் பரணில் இருக்கிற வீடுகள் உண்டு. இப்போது டிவி தட்டையாகிவிட்டது, மேலே எதையும் வைக்க முடியாது. அந்தச் சாமானெல்லாம் மேசைக்கும் பிரிட்ஜ் தலைக்கும் பீரோ தலைக்கும் இடம் மாறிவிட்டன.

ஜன்னல் திட்டு, தையல் மிஷின் மேல், அடுப்பங்கரைத் திண்ணை, கதவு நிலைக்கு மேல் உள்ள பலகை, எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. கையில் இருப்பதை "இப்போதைக்கு" என்று வைக்கிறோம். அந்த இப்போதைக்கு மூணு வருஷம் ஆகிவிடுகிறது.

எங்கே வைக்கிறது? சின்ன வீடு ஆச்சே!

இதுதான் நியாயமான கேள்வி. ஒரே அறை, ஒரு அடுப்பங்கரை. அதில் ஐந்து பேர். அலமாரி கட்டக் காசில்லை. "காலி பண்ணு காலி பண்ணுன்னா எங்க கொண்டு போய் வைக்கிறது?"

மூன்று சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சாக்கு, வேண்டவே வேண்டாம். கெட்டுப்போன ரிமோட், மூடி இல்லாத டப்பா, உடைந்த பொம்மை, தேதி முடிந்த மாத்திரை, காலியான அட்டைப்பெட்டி. பழைய இரும்பு, பேப்பர் வாங்க வருபவரிடம் போட்டால் கொஞ்சம் காசு வரும். அதைக் குழுச் சேமிப்பில் கட்டலாம். போகி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிளாஸ்டிக், ரப்பரைக் கொளுத்தவும் வேண்டாம். அந்தப் புகை தூசியைவிடக் கெடுதல்.

இரண்டாவது சாக்கு, எப்போதாவது வேண்டும். நல்லநாள் பாத்திரம், பண்டிகைத் துணி, பழைய ஆல்பம், சர்டிபிகேட்டுகள், பிள்ளைகள் வாங்கின கப்பு. இவை மூடி போட்ட எதற்குள்ளாவது போக வேண்டும். டிரங்குப் பெட்டி, மூடி உள்ள பிளாஸ்டிக் டப், எண்ணெய் டின் எதுவானாலும் சரி. கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ வைக்கலாம். விஷயம் இதுதான்: 20 பாத்திரம் திறந்த அலமாரியில் இருந்தால் 20 பாத்திரத்தையும் துடைக்க வேண்டும். அதே 20 பாத்திரம் ஒரு பெட்டிக்குள் இருந்தால் பெட்டி மூடியை மட்டும் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

மூன்றாவது சாக்கு, தினமும் வேண்டும். சாவி, சீப்பு, சார்ஜர், மாத்திரை, கண்ணாடி. இவை மேசையிலிருந்து சுவருக்குப் போகட்டும். கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து இரண்டு மஞ்சப்பை தொங்கவிடுங்கள். பழைய சேலை, பேன்ட் துணியில் ஐந்தாறு பாக்கெட் வைத்து ஒரு தொங்கல் தைத்தால் எல்லாம் அதில் அடங்கிவிடும். மாசம் ஒரு தடவை கழற்றித் துவைத்து மாட்டினால் போதும். நம்மில் தையல் தெரிந்தவர்கள் இருக்கிறோம். ஒட்டுத் துணியில் இப்படித் தைத்து உங்கள் பக்கத்துச் சந்தையில் விற்றுப் பார்க்கவும் செய்யலாம்.

குழு நோட்டு, பாஸ்புக், ரசீதுகளுக்குத் தனியாக ஒரு மூடின பெட்டி கண்டிப்பாக வேண்டும். ஒரு மாதம் வங்கியில் பணம் கட்டின ரசீதைக் காணோம் என்று எங்கள் குழுவில் இரண்டு நாள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சுவரை போய்விட்டது. கடைசியில் என் வீட்டு பிரிட்ஜ் தலையில், பழைய காலண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் தூசி மூடிக் கிடந்தது. அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் சொல்லி மாளாது. ஒரு அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

அத்தையின் பித்தளைக் குடம்

சாக்கை எடுத்ததுமே சண்டை வரும். எங்கள் வீட்டிலும் வந்தது.

அடுப்பங்கரை அலமாரியில் என் மாமியார் அவருடைய கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம், செம்பு, தூக்குவாளி, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். அடுப்புக்குப் பக்கம் என்பதால் தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிவிடும். வெறும் தண்ணீருக்குப் போகாது. சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும்.

"அத்தை, இதையெல்லாம் பெட்டியில வச்சிரலாமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏன் தாயி, நான் இருக்கும்போதே என் சாமானைக் கட்டி வைக்கிறியா?"

நான் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவரையே உட்கார வைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி வாங்கிக் கதை சொன்னார். இந்தத் தூக்குவாளி தாய்மாமன் வைத்தது. இந்தச் செம்பு நாத்தனார் சீர். அந்தக் குடம் அவருடைய ஆத்தா நகையை அடகு வைத்து வாங்கினது. எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. வெறும் தூசி பிடிக்கிற சாமான் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசியில் அவரே சொன்னார்: "இவ்வளவையும் வச்சு நீ எத்தனை நாளைக்குத் தேய்ப்ப? அந்தக் குடம் மட்டும் வெளியில இருக்கட்டும். மத்ததைப் பழைய சேலையில சுத்தி என் பெட்டியிலேயே வையி. சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

இப்போது அந்தக் குடம் ஒன்றுதான் அலமாரியில் தனியாக நிற்கிறது. முன்பு 25 சாமானுக்கு நடுவில் யார் கண்ணிலும் படாதது, இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "இது யார் வீட்டுச் சீரு?" என்று கேட்கிறார்கள். அத்தைக்குப் பெருமை. எனக்கும் வேலை குறைவு.

அதனால் சகோதரிகளே, பெரியவர்கள் சாமானை அவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள். எது வெளியே இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். பிள்ளைகள் சாமானும் அப்படித்தான். சாமி இடத்தையும் பக்குவமாகப் பாருங்கள். சாமி படமோ, மாதா சொரூபமோ, காபா படமோ, எதுவானாலும் இரண்டு மூன்று படத்தைச் சுத்தமாக வைத்திருப்பது, இருபது படத்தைத் தூசியில் வைத்திருப்பதைவிட மரியாதை. காய்ந்த பூவை அன்றன்றைக்கு எடுத்துவிடுங்கள். விளக்குக்கும் ஊதுபத்திக்கும் அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு இடம்

ஒரே நாளில் வீட்டைப் புரட்டிப் போடாதீர்கள். பாதியில் பிள்ளை அழும், தண்ணீர் வரும், பருப்பு தீயும். சாமான் நடுவீட்டில் கிடக்கும். இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

திங்கள்: பிள்ளைகள் படுக்கும் இடமும் தலைமாடும்.
செவ்வாய்: டிவி மேசை.
புதன்: பிரிட்ஜ் தலை, பீரோ தலை.
வியாழன்: அடுப்பங்கரைத் திண்ணை. உப்பு, எண்ணெய், அஞ்சறைப்பெட்டி போல அன்றாடம் எடுப்பது மட்டும் வெளியே இருக்கட்டும்.
வெள்ளி: சாமி இடம்.
சனி: ஜன்னல் திட்டு, தையல் மிஷின்.
ஞாயிறு: கட்டிலுக்கு அடி. இதற்கு வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கை கொடுக்கட்டும்.

பரணைப் பண்டிகைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு இடத்தைக் காலி செய்த பிறகு ஒரே விதி: புதுசாக ஒரு சாமான் அங்கே வந்தால் பழசு ஒன்று போக வேண்டும். ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிஷம் ஒரு சுற்று வந்து, மேசையில் ஏறினதை அதனதன் இடத்தில் போட்டுவிடுங்கள்.

துடைக்கும் முறை

இடம் காலியாகிவிட்டது. இனி துடைப்பது சுலபம். ஆனாலும் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

1. மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் ஒட்டடை, பிறகு மின்விசிறி, அலமாரி, மேசை, கடைசியில் தரை. தரையை முதலில் கூட்டிவிட்டு ஒட்டடை அடித்தால் இரட்டை வேலை.

2. காய்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமே தவிர போகாது. பொடித் தூசி ரொம்ப நேரம் காற்றிலேயே மிதந்து மறுபடி அதே மேசையில் உட்காரும். பழைய பனியன், வேட்டித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரே பக்கமாக இழுத்துத் துடையுங்கள். துணியை அடிக்கடி அலசுங்கள்.

3. டிவி, மிக்சி, சுவிட்சுப் பெட்டி போன்ற கரண்ட் சாமான்களுக்கு ஈரத்துணி கூடாது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள்.

4. மின்விசிறி றெக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். ஸ்டூல் ஆடாமல் இருக்க ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

5. மூக்கு, வாயை மூடித் துணி கட்டிக்கொள்ளுங்கள். இளைப்பு உள்ளவர்களை அந்த நேரம் வெளியே உட்கார வையுங்கள். நமக்கே இளைப்பு இருந்தால் இந்த வேலையை வீட்டில் வேறு ஒருவர் செய்யட்டும்.

6. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடாக இருந்தால் கூரையை அடியிலிருந்து துடைப்பத்தால் சுரண்டாதீர்கள். அதன் நார்த்துகள் நெஞ்சுக்குள் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள்.

7. பழைய கதவு, ஜன்னலில் பெயிண்ட் உரிந்து பொடியாகக் கொட்டினால் அதையும் ஈரத்துணியால் எடுங்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். தவழும் பிள்ளை கையில் அந்தப் பொடி படக்கூடாது.

யார் துடைக்கிறது?

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவழிக்கிறார். ஆண் 88 நிமிஷம். 2019 கணக்கெடுப்பில் இது 299 நிமிஷமும் 97 நிமிஷமுமாக இருந்தது. அஞ்சு வருஷத்தில் நமக்குப் பத்து நிமிஷம் குறைந்தது. ஆனால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டது. இடைவெளி அப்படியே நிற்கிறது.

சாமான் குறைந்தால் இதிலும் ஒரு வசதி இருக்கிறது. 34 சாமான் இருக்கிற மேசையைப் பிள்ளையைத் துடைக்கச் சொன்னால், எதையாவது உடைத்துவிடும் என்று பயந்து நாமே செய்துவிடுவோம். நாலு சாமான் இருந்தால் எட்டு வயசுப் பையனும் துடைப்பான். எங்கள் வீட்டில் டிவி மேசை இப்போது மகன் பொறுப்பு. வீட்டுக்காரர் முதலில் "என் பேப்பரைத் தொடாதே" என்றுதான் சத்தம் போட்டார். அவர் பேப்பருக்கும் ஸ்பானர், ஸ்குருடிரைவருக்கும் ஒரு டின்னைக் கொடுத்து, "இது உங்களோடது, பீரோ தலையும் உங்களோடது" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் துடைக்கவில்லை. நானும் தொடவில்லை. மூன்றாவது வாரம் அவரே துணியை எடுத்தார்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுவோம்

அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் பேசிப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் சாமான் அதிகம் சேரும் இடம் எது? அதில் எத்தனை சாமான் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

வீட்டில் யாருக்காவது இளைப்பு, விடாத தும்மல் இருக்கிறதா? அவர் படுக்கும் இடம் எப்படி இருக்கிறது?

குழுவின் நோட்டு, ரசீதெல்லாம் எங்கே இருக்கிறது? கேட்டவுடன் எடுக்க முடியுமா?

உங்கள் வீட்டில் தூசி துடைக்கும் வேலையில் யார் யாருக்கு என்ன பங்கு?

முதலில் ஒரே ஒரு இடத்தை மட்டும் காலி செய்யுங்கள். முன்னாலும் பின்னாலும் கடிகாரம் பார்த்து, எத்தனை நிமிஷம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வாருங்கள். மிச்சமான நேரத்தில் என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சும்மா காலை நீட்டி உட்கார்ந்தேன் என்றாலும் சந்தோஷம்தான். அதுவும் நமக்கு வேண்டியதுதானே!